காலி என்று சொல்லிக் கொடுத்த துப்பாக்கி

போன வருடம் பிப்ரவரியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ஆக்லாந்தின் பக்குரங்கா பகுதியில் ஒரு வீட்டு வரவேற்பறையில் நடந்தது இது. அன்றைக்கு நான் ஒரு துப்பாக்கி வாங்கப் போயிருந்தேன்.

இதைச் சொன்னபோது ஊரில் இருக்கும் என் அக்கா போனை வைத்துவிட்டு, திரும்பக் கூப்பிட்டு, "நீதானே பேசுற?" என்று கேட்டாள். நான் மருத்துவமனை ஒன்றின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். கூட வேலை செய்யும் பெண்கள் இரண்டு பேர் வருடா வருடம் மான் வேட்டைக்குப் போவார்கள். இங்கே மான், காட்டை அழிக்கிற பிராணி. வேட்டையாடி வந்த இறைச்சியைப் பங்கு போட்டு ஃப்ரீஸரில் வைப்பது சாதாரண விஷயம். சும்மா துணைக்கு ஒருமுறை அவர்களோடு மலையேறிய எனக்கு அந்தக் காடு பிடித்துப்போய்விட்டது. பாதுகாப்பு வகுப்புக்குப் போனேன், பரீட்சை எழுதினேன், லைசென்ஸுக்கு விண்ணப்பித்தேன். விசாரிக்க வந்த அதிகாரி என் கணவரைத் தனியாக உட்காரவைத்து, உங்கள் மனைவி கோபக்காரரா என்று கேட்டாராம். பதில் சொல்ல அவர் கொஞ்சம் யோசித்தாராம். அந்த யோசனைதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

எப்படியோ லைசென்ஸ் வந்துவிட்டது. எதை வாங்குவது என்பதில்தான் தலை சுற்றியது. குறைந்த விலையில், நம்பகமான போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் வேண்டும். ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் போல்ட் என்ற கைப்பிடியைக் கையால் இழுத்துத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றுகிற வகை அது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஒரு கடையில், உங்கள் தோளுக்குச் சின்னத் தோட்டா போடுகிற துப்பாக்கிதான் சரி என்றார்கள். அடுத்த கடையில், அதை வாங்கினால் ஒரே வருடத்தில் வருத்தப்படுவீர்கள், பெரியதை எடுங்கள் என்றார்கள். தோளில் முட்டுக்கொடுக்கும் கட்டை மரமாக இருந்தால் மழையில் ஊறும், பிளாஸ்டிக்தான் நல்லது என்றார் ஒருவர். பிளாஸ்டிக் கனமில்லாதது, தோளில் உதைக்கும் என்றார் இன்னொருவர். குறிபார்க்கும் ஸ்கோப்போடு சேர்த்து மலிவாகக் கிடைப்பதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டால், அந்த ஸ்கோப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்க வேண்டியிருக்கும் என்று பயமுறுத்தினார்கள். வீடியோ பார்க்கப் பார்க்கக் குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை.

"வீடு வாங்கும்போதுகூட நீ இவ்வளவு யோசிக்கலையே" என்றார் கணவர்.

அப்போதுதான் தெரிந்தவர் ஒருவர் மூலம், மலேசியத் தமிழர் ஒருவர் தன்னுடைய பழைய ரைஃபிளை விற்கப்போவதாகக் கேள்விப்பட்டோம். எழுபதைத் தாண்டியவர். முப்பது வருடமாக இங்கே வேட்டையாடியவர். முட்டி வலியால் இனி மலையேற முடியாதாம்.

நாங்கள் இருக்கும் பிளாக்ஹவுஸ் பே பகுதியிலிருந்து மழையில் காரை ஓட்டிக்கொண்டு போனோம். கதவைத் திறந்த அவர் வீட்டம்மா எங்களை யாரென்று கேட்பதற்கு முன்னாலேயே, "வாங்க வாங்க, பசியாறிட்டுத்தான் போவணும்" என்றார். என் கணவர் உடனே அவரோடு சமையலறைக்குப் போய்விட்டார். துப்பாக்கி வரப்போகும் அறையில் நிற்காமலிருக்க அவருக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது.

பெரியவர் என் லைசென்ஸை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"வீட்டுக்காரருக்குன்னு நெனச்சேன். உங்களுக்கா! ரொம்ப நல்லது லா."

அவ்வளவு கவனமான மனிதர். உள்ளறையின் இரும்புப் பெட்டியைத் திறந்து, மரக்கட்டை வைத்த ஒரு ரைஃபிளை எடுத்துவந்தார். பெட்டிக்குள் இன்னும் இரண்டு இருந்தன. எது உதைக்கும், எது உதைக்காது, என் உயரத்துக்குக் கட்டை எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல, பல வாரங்களாக மண்டைக்குள் இருந்த இரைச்சல் அடங்குவது போலிருந்தது. இதுதான் என் துப்பாக்கி என்று மனதுக்குள் முடிவே செய்துவிட்டேன்.

அப்போது அவர் அதை என் கையில் கொடுத்து, "ட்ரிகர் எவ்ளோ லேசுன்னு நீங்களே அமுக்கிப் பாருங்க. காலிதான். நேத்து நானே தொடச்சு வச்சேன்" என்றார்.

துப்பாக்கியின் முனை எதிர்ச்சுவரைப் பார்த்திருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் கோப்பைகள் மோதும் சத்தமும் என் கணவரின் சிரிப்பும் கேட்டன.

யார் கொடுத்தாலும், காலி என்று யார் சொன்னாலும், போல்ட்டைத் திறந்து நீயே பார் என்று வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள். கொடுக்கிறவரே திறந்து காட்டித்தான் கொடுக்க வேண்டும். அவர் திறந்து காட்டவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மறந்திருப்பாரா? இல்லை, இத்தனை வருட அனுபவசாலிக்கு இதெல்லாம் தேவையில்லையா? அவர் கண்ணெதிரிலேயே திறந்து பார்த்தால், உங்கள் வார்த்தையை நான் நம்பவில்லை என்று முகத்தில் அடித்தாற்போல் ஆகாதா? வீட்டுக்கு வந்த இடத்தில், அப்பா வயதுள்ளவரிடம் அதை எப்படிச் செய்வது?

"போல்ட் எப்படி ஓடுதுன்னு ஒரு தடவ பாத்துக்கிறேன் அங்கிள்" என்று மழுப்பலாகச் சொன்னேன். முனையை ஓரத்திலிருந்த செங்கல் கணப்பு அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டு, கைப்பிடியைத் தூக்கி இழுத்தேன்.

பித்தளை நிறத்தில் ஒரு தோட்டா வெளியே துள்ளி, கம்பளத்தில் சத்தமில்லாமல் விழுந்து, அவர் காலருகே உருண்டு நின்றது.

வகுப்பில் காட்டுவார்களே, அதுபோல டம்மியோ என்றுதான் முதலில் தோன்றியது. எனக்கு மூளையே வேலை செய்யவில்லை. அவர் முகத்தைப் பார்த்ததும்தான் புரிந்தது. உள்ளே வேறு தோட்டா இருக்கிறதா என்று விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன். இல்லை. துப்பாக்கியைத் திறந்தபடியே சோபாவில் வைத்தேன்.

அவர் குனிந்து தோட்டாவை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"எடுத்துட்டேனே... எடுத்துட்டுத்தானே வச்சேன்" என்று தனக்குத்தானே சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உள்ள சொல்லிடாதீங்கம்மா. பயந்துடுவா."

என்ன பதில் சொல்வது? இது அவர்கள் வீடு. நான் சாமான் வாங்க வந்தவள். சொன்னால் ஒரு மனிதரை அவர் மனைவி முன்னால் தலைகுனிய வைக்கிறேன். சொல்லாமல் போனால், அந்தப் பெட்டிக்குப் பக்கத்து அறையில் அந்த அம்மா இன்று ராத்திரியும் தூங்குவார்.

நான் யோசித்து முடிப்பதற்குள் தட்டில் டீயும் கறிபஃப்பும் வந்துவிட்டன. "முடிவாயிடுச்சா?" என்று உற்சாகமாகக் கேட்டார் கணவர்.

"அங்கிள், பெட்டியில இருக்குற மத்த ரெண்டையும் ஒரு தடவ பாத்துட்டா எனக்கு நிம்மதியா இருக்கும்" என்று மட்டும் சொன்னேன்.

அந்த அம்மா என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். பெரியவர் சட்டைப் பைக்குள் கையை விட்டு, தோட்டாவை எடுத்து, டீத் தட்டில் கோப்பைகளுக்கு நடுவே வைத்தார்.

"இது உள்ள இருந்துச்சு. காலின்னு சொல்லிக் குடுத்தேன். அமுக்கிப் பாருங்கன்னும் சொன்னேன்." கையை நீட்டிச் சுவரைக் காட்டினார். "நீங்க ரெண்டு பேரும் அந்தப் பக்கம் இருந்தீங்க."

என் கணவர் அந்தச் சுவரைத் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மா திட்டுவார், அழுவார் என்று நினைத்தேன். அவர் தோட்டாவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்.

"அப்ப அடுப்ப அணைக்காம விட்டதெல்லாம் நீங்கதானா? நான் என்னையேல்ல சந்தேகப்பட்டுக்கிட்டு இருந்தேன்."

"தெரியல லா" என்றார் அவர். "எனக்கே தெரியல."

அந்த அம்மா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, முழங்கையைப் பிடித்துக்கொண்டார். எங்களுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

மற்ற இரண்டையும் அவரும் நானுமாகத் திறந்து பார்த்தோம். காலியாகத்தான் இருந்தன. அன்று நான் எதையும் வாங்கவில்லை. திரும்பும் வழியெல்லாம், நான் ஒரு நல்ல காரியம் செய்தேனா, ஒரு வீட்டின் நிம்மதியைக் கெடுத்துவிட்டு வந்தேனா என்று குழம்பிக்கொண்டே வந்தேன்.

சில வாரங்கள் கழித்து அந்த அம்மா போன் செய்தார். டாக்டரிடம் போனார்களாம். பெரியவருக்கு மறதி நோயின் ஆரம்பம் என்று சொல்லியிருக்கிறார்கள். மற்ற இரண்டு துப்பாக்கிகளையும் லைசென்ஸ் உள்ள பழைய வேட்டைக் கூட்டாளி ஒருவர் எடுத்துப் போய்விட்டார். "அந்த ஒண்ண மட்டும், திறந்து பாத்துச்சே அந்தப் பொண்ணு, அதுக்குத்தான் குடுப்பேங்குறாரு" என்றார்.

போய் வாங்கிக்கொண்டேன். இந்த முறை அவர் போல்ட்டைத் திறந்து காட்டித்தான் கொடுத்தார். நானும் வாங்கி, அவர் கண்ணெதிரிலேயே இன்னொரு முறை பார்த்தேன். இரண்டு பேரும் சங்கடப்படவில்லை.

அன்று மட்டும் மரியாதை பார்த்து விசையை அமுக்கியிருந்தால் என்ற நினைப்பு இப்போதும் வருகிறது. ஆனால் அதைவிட அதிகமாக நினைவுக்கு வருவது, மறைத்துவிட முடிகிற ஒன்றைத் தன் கையாலேயே எடுத்து மனைவியின் முன்னால் வைத்த அந்த மனிதரின் முகம்தான்.