இவர் கரையில், நான் கயாக்கில்

துடுப்பைத் தூக்கத் தூக்க, குளிர்ந்த தண்ணீர் மணிக்கட்டு வழியே ஓடி முழங்கை வரைக்கும் நனைத்தது... நான் முதன்முதலாக ஏரியில் கயாக் ஓடிய அந்தப் புரட்டாதிக் காலையை நினைத்தால், இன்றைக்கும் என் கை தானாகச் சட்டைக் கையை உதறுகிறது.

அந்தக் கயாக் என்னுடையது இல்லை. இவருடையது, என் மனுசனுடையது.

ஜேர்மனியில், டோர்ட்மண்டில் பென்ஷன் எடுத்த கையோடு ஆசைப்பட்டு வாங்கியது. ஒரு ஆள் இருந்து துடுப்புப் போடும் ஒடுங்கிய வள்ளம், பச்சை நிறம். யாழ்ப்பாணத்தில், குருநகரில் தகப்பனோடு கடலுக்குப் போன மனுசன், இங்கே வந்து வேலைக்காலம் முழுக்கப் பாக்டரிக்குள்ளேயே நின்றவர். இரண்டு கோடை சந்தோசமாகப் பார்ஷ் பிடித்தார். பார்ஷ் இங்கத்தைய ஏரி மீன். உடம்பில் கறுப்புப் பட்டை, சிவந்த செட்டை, முதுகில் முள். சொதிக்குத் திறம்.

பிறகு ஒரு மாரியில் படியில் விழுந்து இடுப்பு ஒப்பரேசன். நடக்கத் தொடங்கிய பிறகும் மனுசன் தண்ணீர்ப் பக்கம் போகவே இல்லை. டீவிக்கு முன்னால் இருந்தால் இருந்ததுதான்... சாப்பிட வாங்கோ என்றால் வருவார். பேச்சில்லை.

கயாக் நிலவறையில் கிடந்தது. மகன் அதை விற்கப் போவதாக இன்டர்நெட்டில் போட்டான். இவரிடம் கேட்டதற்கு, "விக்கட்டும்" என்றார்.

அந்த ஒரு சொல்லில் எனக்குக் கயாக்கோடு இவரும் போய்விடுவார் போல இருந்தது.

"வித்துப் போடாதை ராசா. நான் ஓடுறன்."

மகன் சிரித்தான். இவர் சிரிக்கவில்லை.

"பொம்பிளை கால் வைச்ச தோணியிலை மீன் படாது."

"இது தோணியே? பிளாஸ்ரிக்!"

எங்கள் பக்கத்தில் பெண்கள் மீன் காயப்போடுவோம், சந்தையில் விற்போம். தோணியில் மட்டும் ஏறமாட்டோம். அதைத்தான் இவர் சொன்னார். ஆனாலும் பல நாளைக்குப் பிறகு மனுசன் முழுதாக ஒரு வசனம் பேசியிருந்தார். எனக்கு அது போதும்.

மகன் ஒரு கண்டிசன் போட்டான். "அடுத்த புரட்டாதி முடியிறதுக்குள்ள ஒரு மீனெண்டாலும் பிடிச்சுக் காட்டுங்கோ அம்மா. இல்லாட்டி விக்கிறதுதான்."

இங்கே தூண்டில் போடுவதற்கே ஒரு பரீட்சை இருக்கிறது. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். பேத்தி மீன் படங்களைக் காட்டிக் காட்டி, "அப்பம்மா, இது என்ன மீன்? டொச்சில சொல்லுங்கோ" என்று ஜேர்மன் பெயர் கேட்டு உயிரை எடுத்தாள். பாஸ் பண்ணிவிட்டேன்! பேத்தி அதைத் தன் வகுப்பு முழுக்கச் சொல்லித் திரிந்தாளாம்.

பரீட்சை முடியப் புரட்டாதியும் பிறந்துவிட்டது. முதல் நாள் மகன்தான் எங்களை ஏரிக்குக் கூட்டிப் போனான். இவர் காரை விட்டு இறங்கவில்லை. நான் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி நிற்க, கார்க் கண்ணாடி மெல்ல இறங்கியது.

"இஞ்சாரும்! மற்றப் பக்கமும் வலியும்! பம்பரமே விடுறீர்?"

அடுத்த கிழமை கைத்தடியை ஊன்றிக்கொண்டு, கரையில் கிடந்த வாங்குப் பலகையில் வந்து இருந்துவிட்டார்.

"இரைக்குக் கொழுவின ரப்பர் மீனை அடிக்கு விடும். நுனியைத் தூக்கும்... விடும். தூக்கும்... விடும். கிணத்திலை தண்ணி அள்ளுற மாதிரி இழுக்காதையும்!"

பக்கத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒரு டொச்சுக்கார ஐயா எங்களைப் பார்த்து "பேட்ரி ஹைல்" என்றார். இங்கே தூண்டில்காரர் ஒருவரையொருவர் அப்படித்தான் வாழ்த்துவார்கள். பேட்ரி வேறு யாருமில்லை, மீன் பிடித்த புனித பேதுரு, எங்கள் இராயப்பர்தான். கடற்கரைக் கோயிலில் கும்பிட்ட அதே இராயப்பர்... எனக்கு அந்த ஏரி அன்றைக்குத்தான் சொந்த இடமாகத் தெரிந்தது.

மீன் மட்டும் இல்லை. புரட்டாதியும் முடிகிற கட்டம்.

கடைசிச் சனிக்கிழமை, கரைக்குக் கிட்டவாக நிற்கும்போது நூலில் "டொக்" என்று ஒரு தட்டு. தூண்டில் வளைந்தது.

"பட்டிட்டுது! எழும்பி நிண்டு இழுமன்!" என்று இவர் கத்தினார்.

வள்ளத்தில் நின்றே மீன் இழுத்துப் பழகிய மனுசன். எனக்கும் என் தகப்பன் தோணியில் நின்று இழுப்பதுதான் கண்ணுக்குள் வந்தது. எழும்பினேன்...

கயாக் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தேன், தண்ணீரும் நெஞ்சளவுதான். மூச்சு வாங்கிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தால், கைத்தடி கரையில் கிடக்கிறது. இவர் சப்பாத்தோடு, இடுப்பளவு தண்ணீரில் என்னை நோக்கி நடந்து வருகிறார்! தண்ணீரைப் பார்க்கவும் மாட்டேன் என்று இருந்த மனுசன்...

"தூண்டிலை விட்டிடாதையும்!"

"என்னைப் பிடிக்க வாறீங்களோ, மீனைப் பிடிக்க வாறீங்களோ?"

"மீன் தூண்டிலிலை நிண்டால், அதைப் பிடிச்ச நீரும் நிப்பீர் தானே! கையைத் தாரும்."

இவரின் ஒரு கையில் நான், மறுகையில் தூண்டில். அப்படித்தான் கரையேறினோம், பார்ஷும் கூடவே. டொச்சுக்கார ஐயா ஓடிவந்து "பேட்ரி ஹைல்!" என்று என் கையைக் குலுக்க, இவர் முந்திக்கொண்டு "பேட்ரி டாங்க்!" என்று நன்றி சொல்கிறார். தான் பிடித்த மாதிரி!

அன்றைக்குச் சொதி வைத்தேன். சாப்பிட்டு முடியும்வரை இவர் வாய் ஓயவில்லை. விற்கிற கதையை மகன் பிறகு எடுக்கவே இல்லை.

அந்தக் குளிர் தண்ணீருக்கும், அதற்குள் இறங்கிய அந்தக் கால்களுக்கும் நான் ஆண்டவருக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் காணாது.

அந்த நாளில் குருநகரில், தோணி கரைக்கு வரும்போது பாடு, அதாவது பிடிபட்ட மீன், எப்படி என்று நாங்கள் வாய்விட்டுக் கேட்கமாட்டோம். தோணி தண்ணீரில் எவ்வளவு தாழ்ந்து வருகிறது என்று பார்ப்போம். தாழ்ந்து வந்தால் நல்ல பாடு, அன்றைக்கு வீட்டில் சிரிப்பு.

இப்போது வாங்கில் இருந்து இவர் அதைத்தான் பார்க்கிறார். போன கிழமை நான் கரைக்கு வர, "ஓகோ... நல்லாத் தாழ்ந்தெல்லோ வருது!" என்று எழும்பிவிட்டார்.

வாளிக்குள் ஒரு மீன் குஞ்சும் இல்லை.

"அது மீனில்லையப்பா, நான்தான்!"

இவர் கயாக்கின் மூக்கைப் பிடித்துக் கரைக்கு இழுத்துக்கொண்டே சொன்னார்:

"அப்ப நல்ல பாடுதான்."