பஃப் கை திரும்பி வந்துவிட்டது

முதலில் நான் பார்த்தது கைகளைத்தான். காலை நேரம். ராஜபாளையத்தில் எங்கள் தெரு முக்கில் கீரைக்கட்டு வாங்கிக்கொண்டு நின்றிருந்தேன். கிருஷ்ணன்கோவில் கல்லூரிக்குப் போகிற பஸ் வந்தது. ஏறிய பெண்களில் மூன்று பேருக்குத் தோள்பட்டையில் துணி சுருக்கம் சுருக்கமாக உப்பி நின்றது. பஃப் கை! கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தேன். அதேதான். நாற்பத்தைந்து வருடத்துக்கு முன்னால் நான் ஒரே ஒரு நாள் போட்டுவிட்டுக் கழற்றிய அதே பஃப் கை.

பஸ் போன பிறகும் நான் அங்கேயே நின்றேன்.

"என்ன ஆச்சி, பஸ்ஸ விட்டுட்டியளா?" என்றாள் கீரைக்காரி.

"இல்ல தாயி, இப்பத்தான் பிடிச்சிருக்கேன்" என்றேன். அவளுக்கு விளங்கவில்லை.

ஏன் ஒரே நாள் போட்டேன் என்று சொல்ல வேண்டும். அப்போது நான் மில்லில் கோன் வைண்டிங்கில், நூலைக் கூம்பில் சுற்றுகிற பிரிவில், வேலை பார்த்தேன். நாள் முழுக்க நூலோடு புழங்குகிறவளுக்குத் துணியைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு சம்பளத்துக்கு ஒரு நூல் சேலை எடுத்தேன். மாம்பழ நிறம், உள்ளங்கை அகலத்துக்கு அரக்குக் கட்டம். அதற்குச் சேர்த்தியாக ரவிக்கைக்கு அரக்கில் கடுகு கடுகாய் வெள்ளைப் புள்ளி போட்ட துணி. மனசுக்குப் பிடித்துப்போனதால் இரண்டு ரவிக்கைக்கு வாங்கினேன். ஒன்றை பஃப் கை வைத்துத் தைத்து, சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போட்டுப் போனேன்.

பந்தியில் உட்கார்ந்திருக்கிறேன். என் வீட்டுக்காரரின் தங்கை, என் நாத்தனார், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "எங்க மதினியப் பாருங்க, ரெண்டு தோள்லயும் ரெண்டு பூசணிக்காய வச்சுக்கிட்டு வந்திருக்காக. சாம்பாருக்கு ஆச்சு!"

இலை முன்னால் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். பரிமாறுகிறவர் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். வீட்டுக்கு வந்ததும் சுருக்கத்தைப் பிரித்து, கையைத் தட்டையாகத் தைத்து, கிழிகிற வரைக்கும் அப்படியே போட்டேன். தைக்காத துண்டை ட்ரங்குப் பெட்டியின் அடியில் வைத்து, யாருக்கும் தவறிக் கொடுத்துவிடக் கூடாதே என்று ஒரு ஓரத்தில் முடிச்சுப் போட்டேன். சீட்டு எழுதி வைக்கிற அளவுக்கு எனக்கு எழுத்து ஓடாது. முடிச்சு போதும் என்று இருந்துவிட்டேன்.

பஃப் கையைப் பார்த்த அன்று எனக்கு இருப்புக் கொள்ளாததற்குக் காரணம் உண்டு. அதே நாத்தனாரின் பேத்திக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் நிச்சயதார்த்தம், இருபது நாளில். நாத்தனார் முன்னால் அந்தச் சேலையும் பஃப் கையுமாகப் போய் நிற்க வேண்டும். சிரித்தால் சிரிக்கட்டும். இந்தத் தடவை பிரிக்க மாட்டேன்.

பெட்டியைத் திறந்தேன். சேலை இருந்தது, மடிப்புக் கலையாமல். முடிச்சுத் துணியைக் காணோம்.

எங்கள் பக்கத்தில் ரவிக்கைத் துணிக்கு ஒரு தலையெழுத்து உண்டு. விசேஷ வீட்டில் வெற்றிலை பாக்கு மஞ்சளோடு வைத்துக் கொடுப்பார்கள். வாங்கியவள் அதைத் தைக்க மாட்டாள், அடுத்த விசேஷத்தில் இன்னொருத்திக்குக் கொடுப்பாள். நாம் கொடுத்ததே இரண்டு வருடம் கழித்து நம் மடிக்கு வந்து சேரும். கத்திரி படாமலே ஊர் சுற்றிக் கிழமாகிப்போன துணிகள் எத்தனையோ. அந்த மாதிரி போய்விட்டதோ என்று பதறி மருமகளைக் கூப்பிட்டேன்.

"அந்த அரக்குத் துணியா அத்தை? முடிச்சுப் போட்டிருந்துச்சே, அதுதான?"

"அதான். எங்க வச்சிருக்க?"

"நேந்து முடிஞ்ச துணின்னுல்ல நெனச்சேன்! சுமங்கலிக்குக் குடுக்கணும்னு நேந்துட்டு நீங்க மறந்துட்டிய போலன்னு, உங்க பேத்தி வளைகாப்புல தாம்பூலத்துல வச்சுக் குடுத்துட்டேன். முடிச்சக்கூட அவுக்கல. நேந்தத நாம அவுக்கக் கூடாதுல்ல?"

"யாருக்குக் குடுத்த?"

"ரெண்டு வேன் ஆளு வந்தாக அத்தை. யாருன்னு கண்டேன்?"

அவளைத் திட்ட முடியவில்லை. எங்கள் வீட்டில் நேர்த்திக்கடனுக்கும் காசை அப்படித்தான் துணியில் முடிந்து வைப்போம். முடிச்சைப் பார்த்தால் எந்தப் பெண்பிள்ளைக்கும் அந்த நினைப்புத்தான் வரும்.

சரி, துணி போனால் என்ன, கை போகவில்லையே என்று பஜாருக்குக் கிளம்பினேன். ஒரு சந்துக்குள் கட் பீஸ் கடை இருக்கிறது. தரையில் சாக்கை விரித்து மீந்த துண்டுகளை மலை மாதிரி கொட்டியிருப்பார்கள். சுற்றிலும் பெண்கள் குத்தவைத்துத் தோண்டுவார்கள். நானும் செத்த நேரம் இல்லை, அரை நாள் தோண்டினேன். அரக்கு கிடைக்கவில்லை. ஆனால் அடியிலிருந்து ஒரு துண்டு கையில் சிக்கியது பாருங்கள்! பாட்டில் பச்சை, வெள்ளைப் புள்ளி, தொட்டதுமே தெரிந்தது, கலப்பில்லாத பருத்தி. ஒரு டீக்கும் இரண்டு வடைக்கும் ஆகிற விலை.

"மாம்பழக் கலர் சேலைக்குப் பச்சையா?" என்று நானே சந்தேகப்பட்டபோது, பக்கத்தில் தோண்டிக்கொண்டிருந்த ஒரு பெண், "மேட்சிங் போட்டாத்தான் பாட்டி பழசு. இப்ப கான்ட்ராஸ்ட்தான்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மில்லில் வேலை பார்த்த காலத்தில் நாங்கள் எல்லோரும் கான்ட்ராஸ்ட்தான். இருந்ததே மூன்று ரவிக்கை; எந்தச் சேலைக்கும் எதுவோ அதுதான். அன்றைக்கு வேறு வழியில்லாமல் செய்ததை இன்றைக்குப் பிள்ளைகள் தேடிப் பிடித்துச் செய்கிறார்கள். வயர் கூடையும் அப்படித்தான், சோற்று வாளி வைத்துக்கொண்டு மில்லுக்குப் போன கூடை. அதே பின்னலைப் போன வாரம் ஒரு கடையில் கண்ணாடிக்குப் பின்னால் விளக்குப் போட்டு வைத்திருந்தார்கள். என்னிடம் பரணில் நாலு கிடக்கிறது. கீழே இறக்கிக் கழுவி வைத்துவிட்டேன்.

எங்கள் தெரு டெய்லர் நைட்டி தைக்கும் பெண். துணியைக் கொடுத்து, "பஃப் கை, நல்லா உப்பணும், கஞ்சி போட்டு நிப்பாட்டிக்கிடுதேன்" என்றேன்.

"கஞ்சியெல்லாம் வேண்டாம் ஆச்சி, உள்ள வலை வச்சுருவேன். மழையில நனைஞ்சாலும் நிக்கும்."

வலை! அன்றைக்கு இது தெரிந்திருந்தால்! மதியத்துக்குள் கஞ்சி தளர்ந்து இரண்டு கையும் தொங்கியதும்தான் அந்தப் பூசணிக்காய்ப் பேச்சே வந்தது.

நிச்சயதார்த்தத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் சீக்கிரமே இறங்கிவிட்டேன். நடைபாதையில் ஜிமிக்கி விற்கிறவனிடம் கறுத்த வெள்ளி நிறத்தில் ஒரு ஜோடி வாங்கி, அங்கேயே அவன் கண்ணாடியில் பார்த்து மாட்டிக்கொண்டேன். எழுபதை நெருங்குகிறவள் நடுத்தெருவில் தலையைத் திருப்பித் திருப்பி ஜிமிக்கியை ஆட்டிப் பார்த்தேன். யார் பார்த்தால் எனக்கு என்ன?

ஆனால் மண்டப வாசலில் கால் கொஞ்சம் தயங்கியது. உள்ளே நாத்தனார் சந்தனக் கிண்ணத்தோடு நின்றிருந்தாள். என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். பிறகு தோளைப் பார்த்தாள். இடது தோள், வலது தோள். நான் நிமிர்ந்து நின்றேன். அவள் வாய் திறக்கப் போகிறாள் என்று தெரிந்தது.

"மதினி, இங்க வாங்க" என்று என் கையைப் பிடித்து மணப்பெண் அறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். கதவைச் சாத்தினாள். என் பஃப் கையை விரலால் அமுக்கினாள். அது அமுங்கி மறுபடி எழும்பியது.

"யாரு தச்சா?"

"எங்க தெருப் பிள்ளை. எதுக்குக் கேக்க?"

அவள் தாம்பூலத்துக்கு என்று ரவிக்கைத் துணிகள் கொண்டுவந்திருந்த பையைத் திறந்து, அடியிலிருந்து ஒன்றை எடுத்தாள். "கல்யாணத்துக்கு இதுல எனக்கும் இப்படி ஒண்ணு தச்சுத் தரச் சொல்லுதியளா? இந்த வயசுல போட்டா நல்லாருக்குமா மதினி? பேத்தியோட சிநேகிதிகள்லாம் வருவாளுக. சிரிச்சுருவாளுகளோ?"

அரக்கு. கடுகு கடுகாய் வெள்ளைப் புள்ளி. ஓரத்தில் முடிச்சு.

"உங்க வீட்டு வளைகாப்புல குடுத்ததுதான். ஏதோ நேந்த முடிச்சு போலருக்கு, அவுக்கப் பயந்துக்கிட்டு அப்படியே வச்சிருக்கேன்" என்றாள்.

அது என் துணி என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி இதை எழுதுகிறாள்; நாத்தனாருக்கு அவள் பேத்தி வாசித்துக் காட்டுகிறபோது தெரிந்துகொள்ளட்டும். ஜன்னலோரம் உட்கார்ந்து நகத்தால் நெருடி நெருடி முடிச்சை நானே அவிழ்த்தேன். நாற்பத்தைந்து வருடத்து முடிச்சு, லேசில் விடவில்லை.

"சிரிச்சா என்ன செய்ய மதினி?"

"சாம்பாருக்கு ஆச்சுன்னு சொல்லுட்டி."

அவள் ஒரு நொடி விழித்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள் பாருங்கள், சந்தனம் கொண்டுவரச் சொல்லி வெளியே மூன்று தடவை கூப்பிட்டும் எங்களால் கதவைத் திறக்க முடியவில்லை.

மறுநாளே டெய்லரிடம் கொடுத்துவிட்டேன். முடிச்சுத் தடம் விழுந்த ஓரம் கைமடிப்புக்கு உள்ளே போய்விட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். வலையும் இரண்டு அடுக்கு.