பௌர்ணமி தவறாத மருமகள்

எழுபதுகளின் கடைசியில் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். பஜ்ஜி தின்று முடித்த பிறகு, மாமியாராகப் போகிறவர் என் அம்மாவிடம் கேட்டார்: "பொண்ணுக்கு பக்தி உண்டுங்களா?"

புத்தகத்தை மிதிக்காவிட்டாலும் பக்தி, பெரியவர்கள் முன்னால் வாய் திறக்காவிட்டாலும் பக்தி என்பார்கள் எங்கள் ஊரில். சமையலைக்கூட அப்புறம்தான் கேட்பார்கள்.

அம்மா கூசாமல் சொன்னாள்: "அதை ஏன் கேக்குறீங்க, பௌர்ணமி தவறாம மலை சுத்துறவ."

நான் அதுவரை ஒரே ஒருமுறைதான் சுற்றியிருந்தேன், அதுவும் பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனதால். கதவைத் திறந்தால் தெரிகிற மலையை ஏன் போய்ச் சுற்ற வேண்டும் என்பது என் கட்சி.

பொய் சொன்னது அம்மா, நடந்தது நான். கல்யாணமாகி முதல் பௌர்ணமியன்று விடியற்காலையிலேயே மாமியார் எழுப்பிவிட்டார். "கெளம்பும்மா, நீ பழகுனவளாச்சே."

வெறுங்காலோடு எட்டு மைலுக்கு மேல், மாமியாரும் கூடவே. பாதி ஜல்லி, மீதி முள். நொண்டினால் பொய்யின் சாயம் வெளுத்துவிடும், அம்மாவின் மானம் போய்விடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். உதடு சாமி பெயரைச் சொன்னது, மனசு அம்மாவைத் திட்டியது.

இப்படியே இரண்டு வருஷம். ஒரு பௌர்ணமியன்று அடி அண்ணாமலை வந்ததும் மாமியார் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பாதத்தில் கொப்புளம் உடைந்து ரத்தம்.

"முடியலன்னா சொல்லலாமில்ல அத்தே?"

"எப்டிம்மா சொல்றது? நம்ம வூட்டுக்கு வந்து உன் பக்தி கெட்டுதுன்னு ஆவக்கூடாதுன்னுதான் கூட வரேன். நீ வர்றதுக்கு முன்ன நான் ஒரு தபா கூட சுத்துனதில்ல."

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அம்மா சொன்னது பொய் என்பதைச் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. டீ ஆறும் வரை மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறந்த வீட்டுக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

"திரும்பிப் போனாலும் இதே தூரம்தான், வா" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மீதி வழியெல்லாம் நொண்டிக்கொண்டே வந்தார்.

தெருமுனையில் பக்கத்து வீட்டம்மா பார்த்துவிட்டார். "இன்னாங்க, இப்டி நொண்டுறீங்க?"

மாமியார் என் தோளிலிருந்து கையை எடுக்காமல் சொன்னார்: "இவளுக்கு ஈடா நம்மால நடக்க முடியுமா? பௌர்ணமி தவறாம மலை சுத்துறவ."

என் கண் நிறைந்துவிட்டது. பக்தி என்கிறார்களே, அது எனக்கு முதன்முதலாக வந்தது அவர்மேல்தான்.