சூடு தெரியாத கால்

என் வீட்டுக்காரரின் கால் போனதற்கு நீங்கள்தான் காரணம், தலைவரே. எங்கள் தோட்டத்து அம்மன் கோவிலுக்குத் தலைவர் என்று மைக் பிடிக்கிற உங்களைத்தான் சொல்கிறேன். டாக்டர் கத்தி வைத்தது அதற்குப் பிறகு.

தம்பின் ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில்தான் நாங்கள் இருவரும் பிறந்தோம். ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டார்கள். நாங்கள் குடியிருந்த லயன் வீடுகளை இடித்தார்கள். சனம் பட்டணத்துக்குப் போனது. அவருக்கு சுங்கை காடுட்டில் தொழிற்சாலை வேலை. தோட்டத்தில் எங்களுக்கென்று மிஞ்சியது கோவில் ஒன்றுதான். தீமிதி என்றால் எல்லோரும் வந்துவிடுவோம். அவர் கல்யாணத்துக்கு முன்பிருந்தே தீ மிதித்தவர். நான் ஒரு வருஷமும் தடுத்ததில்லை. இன்றைக்கும் அம்மனைக் கும்பிடுகிறவள்தான் நான்.

ரத்தத்தில் சர்க்கரை ஏறி அவருக்கு இனிப்பு நீர் வந்தது. மாத்திரை சாப்பிட்டார், மறந்தார், மறுபடி சாப்பிட்டார். ஒருநாள் கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸி மெல்லிய நைலான் இழை ஒன்றை எடுத்துக்கொண்டு அவர் காலடியில் உட்கார்ந்தார்.

"அண்ணே, கண்ண மூடிக்குங்க. நான் தொடுறது தெரிஞ்சா சொல்லுங்க."

கட்டைவிரல், பாதம், குதிகால் என்று மிஸ்ஸி தொட்டுக்கொண்டே போனார். அவர் கண்ணை மூடிக்கொண்டு சும்மா இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆரம்பிச்சிட்டீங்களா மிஸ்ஸி?" என்று கேட்டார்.

"காலுல உணர்ச்சி போயிருச்சுண்ணே. வீட்டுக்குள்ளகூட செருப்பு போடுங்க. தீமிதியெல்லாம் நெனச்சுகூட பாக்காதீங்க."

இதை வார்த்தை மாறாமல் உங்களிடம் சொன்னேன், தலைவரே. போன வருஷம் தீமிதிக்குக் காப்புக் கட்டுகிற அன்று, பந்தலில், எல்லோரும் இருக்கும்போது சொன்னேன்.

"காப்புக் கட்டிட்டா மருந்து தொடக்கூடாது தங்கச்சி, விரதம் கெட்டுப்போயிரும். அம்மா பாத்துக்குவா லா."

"கால்ல உணர்ச்சியே இல்லன்னு மிஸ்ஸி சொல்றாங்க, தலைவரே."

"அப்ப மிஸ்ஸியவே கும்பிடு போ."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார். அன்றைக்கே மாத்திரையெல்லாம் அலமாரிக்கு மேலே போனது. பகலெல்லாம் பட்டினி. விரதம் விடும்போது பாயசம். பந்தலுக்குப் போனால் ரோஸ் சிரப். வேண்டாம் என்றால் பிரசாதத்தை மறுக்கிறாயா என்று கேட்டார்கள். இனிப்பு நீர்க்காரரைக் கெடுக்க இதற்கு மேல் என்ன வேண்டும்?

தீ மிதிக்கிறவர்கள் பூக்குழியில் கால் வைத்தால் ஓட்டமாக ஓடி பால்குழியில் இறங்கிவிடுவார்கள். என் வீட்டுக்காரர் பசாரில் மீன் பார்த்து நடக்கிறவர்போல நடந்தார். உறுமி மேளம் உச்சத்துக்குப் போனது. நீங்கள் மைக்கில் கத்தினீர்கள்:

"பாருங்க பக்தர்களே! மாத்திரையத் தூக்கிப் போட்டுட்டு வந்தவரு! சூடே தெரியல! இதான் அம்மாவோட சக்தி!"

சனம் கையெடுத்துக் கும்பிட்டது. தெமியாங்கிலிருந்து வந்திருந்த என் கொழுந்தன் அண்ணன் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "காலாண்ணே இது, லோரி டயரா?" என்றான்.

வீட்டுக்கு வந்ததும் பார்த்தேன். வாசலிலிருந்து நாற்காலி வரை சிமெண்ட் தரையில் ஈரக் கறை.

"என்னங்க, கால்ல என்ன?"

"பால்குழித் தண்ணி லா."

பாதத்தைத் தூக்கிப் பார்த்தேன். தோல் வழன்று வந்துவிட்டது. சதையில் ஒரு கரித்துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் தேநீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். நாக்குக்குத் தெரிந்த சூடு காலுக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன், கெஞ்சினேன், திட்டினேன். காப்பு கழற்றாமல் வரமாட்டேன் என்றார். உங்களுக்குப் போன் போட்டார். மஞ்சள் அரைத்துப் பூசச் சொன்னீர்கள். மஞ்சள் நீராட்டு முடிந்து காப்பைக் கழற்றிய பிறகு நான் அவரைக் கொண்டுபோனபோது கால் கறுத்து நாறிக்கொண்டிருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கண் விழித்ததும், "வலிக்கவே இல்லடி" என்றார். எனக்குச் சமாதானம் சொல்கிறாராம்.

நீங்களும் விபூதியோடு வந்தீர்கள். அவரிடம் அம்மா கைவிட மாட்டாள் என்றீர்கள். வார்டுக்கு வெளியே என்னைக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, "விரதத்துல ஏதோ குறை தங்கச்சி. வீட்டுல சுத்தபத்தமா இருந்தீங்களா?" என்றீர்கள். சூடு தெரியாதபோது அது அம்மன் சக்தி. கால் வெந்தபிறகு அது என் வீட்டுத் தீட்டு. முதலாவதை மைக்கில் சொன்னீர்கள். இரண்டாவதை என் காதில் சொன்னீர்கள்.

அதையும் விழுங்கிக்கொண்டு இருந்தேன். போன வாரம் கொழுந்தன் வந்தான். குறையாக நின்ற அண்ணன் வேண்டுதலைத் தம்பிதான் முடிக்க வேண்டும் என்று நீங்கள் சொன்னீர்களாம். இந்த வருஷம் அவன் இறங்கப் போகிறானாம். அவனுக்கும் இனிப்பு நீர்.

விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உடைத்து எடுத்தேன். அவனைக் கண்ணை மூடச் சொல்லி, மிஸ்ஸி செய்ததுபோலவே பாதத்தைத் தொட்டேன்.

"என்ன அண்ணி வெளையாட்டு? தொடுங்க லா, சீக்கிரம்" என்றான்.

அப்போது நான் அவன் குதிகாலில் குத்திக்கொண்டிருந்தேன்.

சக்கர நாற்காலியிலிருந்து என் வீட்டுக்காரர், "காப்புக் கட்டாதடா" என்றார். கால் போனபோது அழாதவர் அன்றைக்கு அழுதார். கொழுந்தன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நீங்க சொல்லி நான் எறங்காம நின்னா, பயந்துட்டான்னு பேசுவானுங்கண்ணே. தலைவர் சொல்லட்டும், நிக்கிறேன்."

கேட்டீர்களா, தலைவரே? அவன் கால் இப்போது உங்கள் வாயில் இருக்கிறது.

காப்புக் கட்டுகிற அன்று நான் பந்தலுக்கு வருவேன். இவரையும் தள்ளிக்கொண்டு வருவேன். வீட்டுக்கு வந்து பேசுகிறேன், தனியாகப் பேசலாம் என்றெல்லாம் ஆள் அனுப்ப வேண்டாம். அதே மைக்கைப் பிடியுங்கள். அதே சனத்துக்கு முன்னால், கொழுந்தன் கையில் மஞ்சள் கயிறு ஏறுவதற்கு முன்னால், பதில் சொல்லுங்கள்: அன்றைக்கு என் வீட்டுக்காரருக்கு ஏன் சூடு தெரியவில்லை?