ஒரு துண்டு அப்பத்தை விழுங்க நான்கு மாதம்

நோயினால், பூசையில் தரும் அப்பத்தை விழுங்க முடியாதவருக்கு, தேவையை முன்னிட்டு, திராட்சை இரச வடிவில் மட்டும் நற்கருணை கொடுக்கலாம். திருச்சபைச் சட்டத்தில் இதற்குத் தெளிவாக இடம் இருக்கிறது. நான் முப்பத்தைந்து வருடம் அரசு அலுவலகத்தில் விதிகளோடு குடும்பம் நடத்தியவன். ஓய்வு பெற்ற பிறகு, அது போதாதென்று, திருச்சபைச் சட்டத்தையும் படித்து வைத்திருந்தேன். என் மனைவி பிலோமினாவின் அடக்கத் திருப்பலியில் அந்த விதி எனக்குப் பொருந்தியிருக்க வேண்டும்.

பொருந்தவில்லை.

அன்று என் வாய் முழுக்கப் புண். பேச முடியாது. ஒரு சீட்டில் விதியை எழுதிப் பங்குத்தந்தையிடம் நீட்டினேன். "எனக்கும் தெரியும் சார்" என்று மெல்லச் சொல்லிவிட்டு, சிறிய கரண்டியில் சில துளி இரசம் கொண்டுவந்தார். முதல் துளி நாக்கில் பட்டதும் நெருப்பு வைத்த மாதிரி எரிந்தது. அவர் கையைத் தள்ளிவிட்டேன். மீதி என் சட்டையில் விழுந்தது. ஃபாதர் ஈரத் துணியால் அதை ஒற்றி எடுத்தார். இரண்டடி தள்ளிப் பெட்டிக்குள் அவள் கிடந்தாள். "கடவுள் மேல கோவம் போல" என்று யாரோ கிசுகிசுத்தது காதில் விழுந்தது. அதுவும் பொய்யில்லை.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

ஈஸ்டர் என்கிற உயிர்ப்புப் பெருவிழா முடிந்த வாரம், தொண்டையின் இடது பக்கத்தில் புற்றுநோய் என்றார்கள். ஜூன் இரண்டாம் வாரத் திங்கட்கிழமை கதிர்வீச்சு தொடங்கியது. சனி, ஞாயிறு தவிர்த்து முப்பத்தைந்து நாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மந்தைவெளி ஆட்டோக்காரர் நாகராஜிடம் பிலோமினா முப்பத்தைந்து நாளுக்கும் சேர்த்துப் பேசி வைத்திருந்தாள். தினமும் காலை பத்து மணிக்கு அவர் வாசலில் நிற்பார்.

முதல் நாளே விழுங்கும் பயிற்சி சொல்லித் தரும் ரம்யா என்ற பெண்ணிடம் அனுப்பினார்கள். ஐஸ்கிரீம் குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி முன்பற்களுக்கு நடுவே வைத்து, முப்பது எண்ணும்வரை பிடிக்க வேண்டும். பிறகு வாயில் ஒன்றுமே இல்லாமல், பெரிய கவளம் ஒன்றை விழுங்குவதைப்போல அழுத்தி விழுங்க வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று வேளை. மாலையில் அரை மணி நேரம் நடை.

"எல்லாம் முடிஞ்சப்புறம் ஆரம்பிக்கலாம்னு இருந்துடாதீங்க சார். கதிர்வீச்சு நடக்கும்போதே செய்யணும். இல்லன்னா தாடை இறுகிடும். தொண்டையும் அதோட வேலையை மறந்துடும்."

"இது எழுத்துப்பூர்வமாக இருக்கிறதா?" என்று கேட்டேன். அச்சடித்த தாளை எடுத்து நீட்டினாள். மேற்கொண்டு ஆட்சேபிக்க இடமில்லை. வீட்டுக்கு வந்ததும் கட்டம் போட்டு ஒரு பதிவேடு தயாரித்தேன். தேதி, வேளை, குச்சிகளின் எண்ணிக்கை, செய்ததற்கு ஒரு டிக். முதல் நாள் என் வாய் கொண்டது பதினெட்டு குச்சி.

பிலோமினா பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்ணுவாள். "இன்னும் தொறங்க. ஆபீஸ்ல எல்லாரையும் திட்டறதுக்கு நல்லா தொறந்த வாய்தானே?" எனக்குச் சிரிப்பு வந்து குச்சிகள் சிதறும். "சிரிச்சா செல்லாது. மொதல்லேர்ந்து ஆரம்பிங்க."

இரண்டாவது வாரக் கடைசியில் புண்கள் வந்தன. குச்சி உதட்டில் பட்டாலே கண்ணில் நீர் வரும். என்னைப் பார்த்து அவள் முகம் வாடுவதையும் தாங்க முடியவில்லை. "இனிமேல் நானே அறைக்குள் செய்துகொள்கிறேன். நான் என்ன ஸ்கூல் பிள்ளையா?" என்றேன். நம்பிவிட்டாள். நான் கதவைச் சாத்திக்கொண்டு, குச்சிகளைத் தொடாமல், பதினெட்டு என்று எழுதி டிக் போட்டேன். பொய்ப் பதிவு செய்த எழுத்தர் ஒருவரைப் பணியிடை நீக்கம் செய்யப் பரிந்துரைத்தவன் நான். அந்த மனிதர் போட்டது மூன்றே மூன்று பொய்ப் பதிவு.

நான்காவது வாரம் வியாழக்கிழமை ரம்யா அளந்து பார்த்தாள். ஒன்பது குச்சிக்கு மேல் போகவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் பிலோமினா பதிவேட்டைத்தான் எடுத்தாள்.

"பதினெட்டு. பதினெட்டு. பதினெட்டு. இது யாரோட வாய்ங்க?"

நான் தரையைப் பார்த்தேன்.

"ட்ரில் பீரியட்ல வயித்து வலின்னு பொய் சொல்ற பிள்ளைங்ககூட என் மொகத்தைப் பாத்துதான் சொல்லும். நீங்க கதவைச் சாத்திக்கிட்டு டிக் போட்டிருக்கீங்க."

அன்றிரவு அவள் சாப்பிடவில்லை.

மறுநாள் ஜூலை மாதத்தின் முதல் வெள்ளி, தலை வெள்ளி. விடியற்காலைப் பூசைக்குப் போய் வந்தாள். கோபம் தணிந்திருந்தது. "நாளையிலேர்ந்து டிக் நான் போடறேன். நீங்க வாயை மட்டும் தொறங்க, போதும்" என்று சொல்லிவிட்டு எனக்குக் கேழ்வரகுக் கஞ்சி வடிகட்டச் சமையலறைக்குள் போனாள். பாத்திரம் விழும் சத்தம் கேட்டது. கூப்பிட என்னிடம் குரல் இல்லை. போய்ப் பார்த்தால், அடுப்புக்குக் கீழே சுவரில் சாய்ந்து கிடந்தாள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மாரடைப்பு. நோயாளி நான். போனது அவள்.

சனிக்கிழமை அடக்கம். அங்கே நடந்ததைத்தான் முதலில் சொன்னேன்.

திங்கட்கிழமை மாலை கோயிலுக்குப் போனேன். நவநாள் விண்ணப்பங்களைப் போட ஒரு பெட்டி இருக்கிறது. ஆயிரக்கணக்கான மனுக்களுக்குப் பதில் எழுதிய கை. ஆனாலும் எனக்கு மனு எழுதத் தெரியவில்லை. பொருள், பார்வை என்று தொடங்கி மூன்று தாளைக் கிழித்தேன். கடைசியில் எழுதியது இதுதான்: "ஆண்டவரே, அவளைத் திருப்பித் தரமாட்டீர் என்று தெரியும். அவளுக்காக ஒப்புக்கொடுக்கும் ஒரு பூசையிலாவது நான் உம்மை விழுங்க வேண்டும். தள்ளிவிட்ட கையை மன்னியும்."

கதிர்வீச்சுக்கு இனிப் போவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். வெள்ளியும் திங்களும் ஏற்கெனவே போகவில்லை. செவ்வாய் காலை பத்து மணிக்கு வாசலில் ஆட்டோ சத்தம்.

"இன்னா சார், ரெடியா?"

இல்லை என்று தலையாட்டினேன். நாகராஜ் உள்ளே வந்து, அவள் படத்துக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"அம்மா மொத்தம் முப்பத்தஞ்சு நாள் சொல்லிக்கீது. பத்தொம்போது ஆச்சு. இன்னும் பதினாறு கீது. நீ வர்லன்னா நான் அதுக்கு இன்னா பதில் சொல்றது? எந்திரி நைனா."

எழுந்தேன். பதினாறு நாளும் அவர்தான் அழைத்துப்போனார். அதற்குள் மூக்கில் குழாய் போட்டுவிட்டார்கள். சாப்பாடு, தண்ணீர், மாத்திரை எல்லாம் அதன் வழியாகத்தான். கதிர்வீச்சு முடிந்தது. நான் பயிற்சி மட்டும் செய்யவில்லை. குச்சிகளைப் பார்த்தாலே அவள் உட்கார்ந்த எதிர் நாற்காலி தெரியும். முப்பதாம் நாள் பூசை வந்தது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எழுந்து வந்தேன். பெட்டியில் போட்ட மனுவுக்குப் பதில் இல்லை. நினைவூட்டல் ஒன்றும் எழுதிப் போட்டேன். நான் அப்படித்தான்.

ஆகஸ்ட் மாதம் மாதாவின் விண்ணேற்புக்கு முந்தின நாள் பாவசங்கீர்த்தனம் செய்தேன். குரல் இல்லாததால் எழுதித்தான் கொடுத்தேன். இரகசியம் காக்கும் கடமை குருவானவருக்குத்தான், எனக்கில்லை. அதனால் சொல்கிறேன். "பதினான்கு நாள், நாளுக்கு மூன்று, ஆக நாற்பத்திரண்டு பொய். அதைக் கண்டுபிடித்த மறுநாள் அவள் இறந்தாள். நான்தான் கொன்றேன்."

ஃபாதர் படித்துவிட்டுச் சீட்டை மடித்து என் கையிலேயே வைத்தார். பிறகு சொன்னார்: "அவங்க இதயத்தை நீங்க நிறுத்தல சார். அதை விட்டுடுங்க. மத்த நாப்பத்திரண்டும் உங்களுது. அதை இப்போ நெஜமா செஞ்சு முடிங்க. அதான் பரிகாரம்."

"ஜெபம் எதுவும் கிடையாதா?" என்று எழுதிக் காட்டினேன்.

"அது ஜெபம் இல்லன்னு யார் சொன்னா? குறுக்குவழி கேக்காதீங்க."

மறுநாள் தொடங்கினேன். ஏழு குச்சிதான் போனது. ரத்தம் வந்தது. எதிர் நாற்காலியை அப்படியே வைத்துக்கொண்டு அழுதபடி முப்பது எண்ணினேன். பழைய பதிவேட்டில் ஒவ்வொரு பொய் டிக்கையும் அடித்துவிட்டு, பக்கத்தில் உண்மையான எண்ணை எழுதினேன். ஏழு. ஏழு. ஏழு. எட்டு. நாற்பத்திரண்டு முடிந்த பிறகும் நிறுத்த மனம் வரவில்லை. செப்டம்பரில் பதினொன்று. ஒரு கரண்டி தண்ணீர் இறங்கியது. அந்த மாதக் கடைசியில் குழாயை எடுத்தார்கள்.

அப்பம்தான் இறங்கவில்லை. எச்சில் சுரப்பு வற்றிப்போயிருந்தது. மடத்துச் சகோதரிகள் அப்பம் வெட்டியபின் மிஞ்சும் ஓரத்துண்டுகளைத் தந்தார்கள். அதைப் பழகுவதற்கு ரம்யாவிடம் எடுத்துக்கொண்டு போனேன்.

"என்ன சார், காகிதம் மாதிரி இருக்கு! இதுக்கா இவ்ளோ பாடு?"

"ஆமாம்" என்றேன். அதற்குள் கொஞ்சம் குரல் வந்திருந்தது. துண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இருமி இருமிக் கண் சிவந்தது. அக்டோபர் முழுக்க இதே கதைதான்.

இதை வாசிக்கிற சகோதர சகோதரிகளே, உங்களில் யாராவது கதிர்வீச்சில் இருக்கலாம், அல்லது அப்படி ஒருவரைக் கவனித்துக்கொண்டிருக்கலாம். மருத்துவர் சொன்ன பயிற்சியை வலிக்கும்போதும் விடாதீர்கள். முடியாவிட்டால் முடியவில்லை என்று அவர்களிடமே சொல்லுங்கள். அதற்கு வழி வைத்திருப்பார்கள். எதிரில் உட்கார்ந்து எண்ணுகிறவரிடம் பொய் சொல்லாதீர்கள். என் மனைவி போனது போனதுதான். ஏன் என்று கேட்டதற்கு இதுவரை எனக்குப் பதில் இல்லை. ஆனாலும் கேட்பதை நிறுத்தாதீர்கள். கேட்டபடியே உங்கள் பங்கைச் செய்யுங்கள். ஆண்டவர் நம் மனுவைக் கிழித்துப் போடுகிறவர் அல்ல. இதை இப்போது நம்பிச் சொல்கிறேன்.

கல்லறைத் திருநாள் மாலை, கல்லறைத் தோட்டத்திலேயே பூசை. எல்லோரும் மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தார்கள். நாகராஜ் தண்ணீர் பாட்டிலோடு என் பின்னால் நின்றார். ஃபாதர் அப்பத்தில் நகத்தளவு ஒரு துண்டு உடைத்து நீட்டினார். வாயைத் திறந்தேன். நாக்கில் ஒட்டியது. இரண்டு மிடறு தண்ணீர். அசையவில்லை.

"அவசரப்படாத சார், மெதுவா முயுங்கு" என்று பின்னாலிருந்து நாகராஜ்.

கண்ணை மூடிக்கொண்டு, பெரிய கவளம் ஒன்றை விழுங்குவதைப்போல அழுத்தி விழுங்கினேன். இறங்கியது. தொண்டையில், நெஞ்சில், அது இறங்கும் வழியெல்லாம் எனக்குத் தெரிந்தது. அவள் கல்லறைமேல் கையை ஊன்றி உட்கார்ந்துவிட்டேன்.

என் மனுவுக்குப் பதில் வந்தது அன்று, நவம்பர் இரண்டாம் தேதி.