சுவரில் நாற்பத்திரண்டு துளைகள்

“செவுரெல்லாம் உன் சிலபஸ்ல இல்லம்மா. போயி பாடத்தப் படி.”

இதைச் சொன்னவர் எங்கள் வீட்டுச் சுவரின் ஈரத்தைப் போக்க வந்த கட்டட வேலைக் குத்தகையாளர். எனக்கு அப்போது பத்து வயது. சொல்லிவிட்டு அவர் சிரித்தார். வீட்டுக்கு வந்தவர் சிரிக்கும்போது வீட்டுக்காரர் சும்மா நின்றால் மரியாதையில்லை என்று அப்பாவும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

நான் அவரிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. வீட்டில் எல்லாக் குழாய்களையும் மூடியிருக்கிறோமே, பிறகு ஏன் வாசலில் தண்ணீர் மீட்டருக்குள் அந்தச் சின்னச் சிவப்புச் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது? பள்ளி வேனுக்காக நான் தினமும் அந்த மீட்டரின் பக்கத்தில்தான் நிற்பேன். வேன் எப்போதும் தாமதமாகவே வரும். அதனால் அந்தச் சக்கரத்தைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இருக்காது.

எங்கள் வீடு கூலாயில், செம்பனைத் தோட்டத்து மரங்களைச் சாய்த்துவிட்டுக் கட்டிய ஒரு தாமானில், புதுக் குடியிருப்பில், இருந்தது. வரிசை வீடுதான், சின்னதுதான். ஆனால் எங்கள் குடும்பத்தில் தோட்டத்து நிர்வாகம் கொடுக்காத முதல் வீடு அது. வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும் என்ற பயம் இல்லாத முதல் வீடு. அப்பா தோட்டத்துப் பள்ளியில் மூன்று வருடம் படித்தவர். கையெழுத்துப் போடுவார், பஸ் நம்பர் பார்ப்பார், அதற்குமேல் எழுத்துகளோடு அவருக்குப் பழக்கமில்லை. பிறப்புப் பத்திரம் இல்லை என்று அம்மாவைப் பள்ளியிலேயே சேர்க்கவில்லை. நான்காம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த நான்தான் அந்த வீட்டின் மேதை. தண்ணீர் பில், மின்சார பில், கிளினிக் அட்டை, கம்பெனிக் கடிதம் எல்லாம் முதலில் என் கைக்கு வரும். அந்த வருடம் பள்ளியில் ஆங்கில வாசிப்புப் போட்டியில் எனக்கு முதல் பரிசு வேறு கிடைத்திருந்தது. பிளாஸ்டிக் கோப்பைதான். அப்பா அதைச் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்.

அம்மா பக்கத்து ஊரான செனாயில் ஒரு தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்த்தார். காலையில் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, எங்களுக்குச் சமைத்து வைத்துவிட்டு, பின்னறையில் தூங்குவார். வெளிச்சம் வராத அறை அது ஒன்றுதான். அந்த அறையின் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. அந்தச் சுவர்தான் நோயாளியானது. முதலில் முழங்கால் உயரத்துக்குப் பெயின்ட் உரிந்தது. பிறகு கறுப்பாகப் பூஞ்சை படர்ந்தது. கதவு நிலையின் அடிப்பகுதி மெத்தென்று ஆனது. அம்மாவுக்கு இருமல் வந்தது, போகவே இல்லை. கிளினிக்கில் டாக்டர் அம்மாவின் மூச்சை வெகுநேரம் கேட்டுவிட்டு, மருந்து கொடுக்கிறேன், ஆனால் அந்த அறை காயாவிட்டால் மருந்து கேட்காது என்றார். அதை அப்பாவுக்குத் தமிழில் சொன்னது நான்தான்.

அப்பா ஆள் தேடியது கோயிலில். எங்கள் மக்கள் அப்படித்தான். குழாய்க்காரர் வேண்டுமா, ஓட்டுநர் பயிற்சிக்கு ஆள் வேண்டுமா, பெண்ணுக்கு மாப்பிள்ளை வேண்டுமா, வெள்ளிக்கிழமை பூசை முடிந்து செருப்பு தேடும் இடத்தில் விசாரிப்போம். அங்கே கிடைத்தவர்தான் இந்தக் குத்தகையாளர். அன்னதானத்தில் வாளி தூக்குபவர், தைப்பூசத்துக்கு ஒரு வருடம்கூட விடாமல் காவடி எடுப்பவர். இதற்குமேல் என்ன தகுதி வேண்டும்?

“முதுகுல கொக்கி குத்திக்கிட்டு நடக்குற மனுசன் நம்மள ஏமாத்துவாரா?” என்றார் அம்மா. காவடிக்கும் கலவைச் சாந்துக்கும் என்ன தொடர்பு என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அவர் ஒரு சனிக்கிழமை வந்தார். செருப்பை வாசலில் விட்டார், நேராகச் சாமி மேடைக்குப் போய் விபூதி பூசிக்கொண்டார், அம்மாவை ‘அக்கா’ என்றார். பிறகு பையிலிருந்து ஒரு சின்னக் கருவியை எடுத்தார். இரண்டு ஊசி முனைகள். சுவரில் வைத்ததும் அது ‘கீ’ என்று கத்தியது. நகர்த்தி நகர்த்தி வைத்தார், கத்திக்கொண்டே இருந்தது. அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். மண்ணுக்குள்ளிருந்து ஈரம் செங்கல் வழியாக ஏறுகிறது என்றும், சுவரின் அடியில் துளைகள் போட்டு மருந்து இறக்கினால் ஈரம் அதற்குமேல் ஏறாது என்றும் சொன்னார். ஈரச் சுவர் ஈரம் என்று கத்துவதற்கு ஒரு கருவி எதற்கு என்று இப்போது கேட்கிறேன். அன்று வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

அடுத்த வாரம் அவர் வேலைக்கு வந்தபோதுதான் நான் மீட்டரைப் பற்றிக் கேட்டேன். அந்தச் சிலபஸ் பதிலும் கிடைத்தது. என் முகம் போன போக்கை அவர் பார்த்திருக்க வேண்டும். இரண்டு நிமிடம் கழித்து, தன் வேனிலிருந்து கொண்டுவந்த ஒரு தாளை அப்பாவிடம் நீட்டாமல் என்னிடம் நீட்டினார்.

“அண்ணே, நான் எதுக்குப் படிச்சிக் காட்டணும்? வீட்டுலயே டாக்டரம்மா இருக்காங்கல்ல. நீ படிம்மா, இங்கிலீஷ்தான்.”

நான் படித்தேன். எழுந்து நின்று, போட்டியில் செய்ததுபோல முற்றுப்புள்ளிக்கு நிறுத்தி, காற்புள்ளிக்கு மூச்சு வாங்கி, முழுப் பக்கத்தையும் வாசித்தேன். ஒரு வாக்கியத்தின் பொருளும் எனக்குத் தெரியாது. அம்மா தூக்கக் கலக்கத்திலும் கதவோரம் வந்து நின்று கேட்டார். முடித்ததும் அப்பா கேட்டார்.

“எல்லாம் சரியா இருக்காம்மா?”

புரியவில்லை என்று சொல்ல இரண்டு விநாடி போதும். அந்த இரண்டு விநாடியில் சாமிப் படத்தின் பக்கத்தில் இருந்த கோப்பையைப் பார்த்தேன். “சரியா இருக்குப்பா” என்றேன். அப்பா கையெழுத்துப் போட்டார். மீட்டரை நான் மறந்தே போனேன்.

மூன்று நாள் வேலை. துளைக்கும் இயந்திரத்தின் சத்தத்தில் அம்மாவால் தூங்க முடியவில்லை, ஆனாலும் முகம் சுளிக்காமல் அவருக்கும் அவருடைய ஆளுக்கும் மைலோ கலக்கிக் கொடுத்தார். பள்ளி விட்டு வந்ததும் நான் துளைகளை எண்ணுவேன். மொத்தம் நாற்பத்திரண்டு. அவற்றில் ஒரு நீலத் திரவத்தை ஊற்றினார்கள். அது என்ன மருந்து என்று எனக்கு இன்றும் தெரியாது. நீலமாக இருந்தது என்பது மட்டும் உறுதி. பிறகு துளைகளை அடைத்து, உளுத்துப்போன கதவு நிலையில் மாவுபோல எதையோ அப்பி, பழுப்புச் சாயம் அடித்து, சுவர் முழுக்கக் கெட்டியான வெள்ளைப் பெயின்ட் பூசினார்கள். கருவியை மறுபடி சுவரில் வைத்துக் காட்டினார். அது கத்தவில்லை. பெயின்ட்டின் மேல் வைத்தால் எப்படிக் கத்தும்?

“நம்ம ஆளுங்களுக்குள்ள என்னண்ணே கேரன்டி? நான் கோயில்ல நிக்கிறவன் லா. எங்க ஓடிறப் போறேன்?” என்று சொல்லிவிட்டுப் போனார். ஓடத்தான் இல்லை. அந்த விஷயத்தில் அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

வருடக் கடைசி மழை தொடங்கியபோது சுவரில் ஒரு கொப்புளம் வந்தது. கையால் அழுத்தினேன். பெயின்ட் கிழிந்து தண்ணீர் என் மணிக்கட்டு வழியாக ஓடியது. மறுநாள் அடைத்த துளை ஒன்றிலிருந்து பூச்சு விழுந்தது. என் தலையிலிருந்த ஊசியை எடுத்து உள்ளே விட்டுப் பார்த்தேன். நகத்தளவு போனதும் செங்கல் தடுத்தது. இன்னொன்றிலும் அப்படித்தான். எத்தனை துளையில் விட்டுப் பார்த்தாலும் அதே நகத்தளவுதான். கதவு நிலையில் என் கால் விரல் பட்டதும் அது தேநீரில் நனைத்த பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. அந்த வெள்ளைப் பெயின்ட்டுக்குப் பின்னால், நாங்கள் யாரும் பார்க்காத இடத்தில், பூஞ்சை அத்தனை மாதமும் வளர்ந்திருக்கிறது. சுவர் குணமாகிவிட்டது என்று நம்பி அம்மா படுக்கையை அதை ஒட்டியே போட்டிருந்தார்.

அந்த மாதம் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூக்கில் குழாயோடு அம்மா என்னைப் பார்த்துச் சிரித்து, பாடம் படித்தாயா என்று கேட்டார். இன்றைக்கும் அம்மா மூச்சுக்கு உறிஞ்சும் மருந்து இல்லாமல் மார்க்கெட்டுக்குப் போவதில்லை. மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று, சுவரொட்டி பார்ப்பதுபோல நடிப்பார்.

அந்த நாட்களில்தான், சமையலறைத் தொட்டி அடைத்துக்கொண்டதால், அப்பா ஒரு சீனக் குழாய்க்காரரை அழைத்து வந்தார். அவர் வாசலில் மீட்டரைப் பார்த்தார், குளியலறைக்குப் போய்ச் சுவரில் இரண்டு தட்டுத் தட்டினார், “பைப் போச்சோர்லா” என்றார். சுவருக்குள் குழாய் ஒழுகுகிறது. சுவர் ஓடு ஒன்றைப் பெயர்த்தார், குழாயின் இணைப்பை மாற்றினார். அரைமணி நேரம். வாசலுக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். சிவப்புச் சக்கரம் நின்றிருந்தது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. கோபம்தான் வந்தது.

வெள்ளிக்கிழமை நானும் அப்பாவும் கோயிலுக்குப் போனோம். அன்னதான மண்டபத்தில் குத்தகையாளர் சாம்பார் வாளியோடு நின்றிருந்தார். அப்பா தாழ்ந்த குரலில்தான் விஷயத்தைச் சொன்னார். குத்தகையாளர் தாழ்ந்த குரலில் பதில் சொல்லவில்லை.

“என்னண்ணே இது! அதுலயே போட்டிருக்கே, குழாய்த் தண்ணிக்கி நாங்க பொறுப்பில்லன்னு. படிச்சிப் பார்த்துத்தானே சைன் வச்சீங்க? யாரு படிச்சாங்கன்னு நான் சொல்லவா?”

அவர் கண் என் பக்கம் திரும்பியது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தலை தூக்கினார்கள். நான் தயாராக இருந்தேன். ஆமாம், நான்தான் படித்தேன், ஒரு வார்த்தை விடாமல் படித்தேன், மீட்டரைப் பற்றிச் சொன்னதும் நான்தான் என்று அந்த மண்டபம் முழுக்கக் கேட்கச் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

அப்பா ஒரு அடி நகர்ந்து எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றார்.

“யாரும் படிக்கல தம்பி. எனக்குத்தான் படிப்பு இல்லியே. படிக்காமயே கையெழுத்துப் போட்டேன். விடு.”

விட்டுவிட்டார். அதோடு நிற்கவில்லை. பந்தியில் உட்கார்ந்து, அந்த ஆள் ஊற்றிய சாம்பாரைச் சாப்பிட்டார். நான் இலையைத் தொடவில்லை. ஒரு வாரம் அப்பாவோடு பேசவில்லை. கோழைத்தனத்தைக்கூட மன்னித்திருப்பேன், பொய்யை மன்னிக்க முடியவில்லை. யாரும் படிக்கவில்லையாமே! அத்தனை அழகாக நான் வாசித்ததை எல்லார் முன்னாலும் இல்லை என்று சொல்லிவிட்டாரே! எனக்கு உரிய பெருமையை அப்பாவே தட்டிப் பறித்ததாகத்தான் நான் நினைத்தேன்.

இப்போது எனக்கு இருபத்தாறு வயது. எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். ஜொகூர் பாருவில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் ஒப்பந்தங்களைச் சரிபார்க்கிறேன். ‘பொறுப்பில்லை’ என்ற சொல்லை எந்தப் பக்கத்தின் எந்த மூலையில் ஒளித்துவைப்பார்கள் என்று கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். சென்ற மாதம் எங்கள் வரிசையில் கடைசி வீட்டு அக்கா ஒரு தாளை எடுத்துக்கொண்டு வந்தார். அவர் வீட்டுச் சுவரில் புதிதாகத் துளைகள். கம்பெனிப் பெயர் வேறு, வேன் புதுசு, ஆள் அதே ஆள்.

“மொதல்லயே ஒன்னக் கேட்ருக்கணும்,” என்றார் அக்கா. “ஒங்கப்பா கூட அன்னிக்கே சொன்னாரு. நான் படிக்காதவன், பார்க்காமக் கையெழுத்துப் போட்டு ஏமாந்துட்டேன், நீங்க பார்த்துப் போடுங்கன்னு. இன்னிக்கும் யாரு கேட்டாலும் அதத்தான் சொல்வாரு.”

இன்றைக்கும். பதினாறு வருடமாக. கடையில், கோயிலில், கல்யாண வீட்டில், ‘படிக்காததால் ஏமாந்தவன்’ என்ற பெயரை அப்பா தானே சொல்லிச் சொல்லித் தன் மேல் போட்டுக்கொண்டிருக்கிறார். அம்மாவின் மூச்சு கெட்டதற்கு இந்தப் பெண்தான் காரணம் என்று யாரும், முக்கியமாக நான், ஒரு நாளும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக. அது எனக்கு அன்று தெரியவில்லை. நான் கோபித்துக்கொண்ட அந்த ஒரு வாரத்தில் அப்பா தினமும் என் சாப்பாட்டுத் தட்டைக் கதவோரம் வைத்துவிட்டுப் போனார்.

அக்காவுக்காகப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்கு, காசு கொடுத்து ஏமாந்தவர்கள் முறையிடும் இடத்துக்கு, புகார் எழுதினேன். கூடவே என் சாட்சி வாக்குமூலம் என்று தனியாக ஒரு பக்கம். அதில் இப்படி எழுதினேன்: பத்து வயதில் அந்தத் தாளை வாசித்தது நான். பொருள் தெரியாமலே சரி என்று சொன்னதும் நான். பெரியவர்களுக்கு விளக்க வேண்டியதை விளக்காமல், ஒரு குழந்தையைப் புகழ்ந்து வாசிக்க வைத்துக் கையெழுத்து வாங்கியது இந்த ஆள்.

அப்பாவிடம் சொன்னேன். தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். “அதெல்லாம் எதுக்கு இப்ப? ஒம் பேரு வருமே,” என்றார்.

வரட்டும். திங்கட்கிழமை விடுப்பு எடுத்து, அக்காவைக் காரில் அழைத்துப் போய், இரண்டு தாள்களையும் தீர்ப்பாயத்தில் புகார் வாங்கும் முகப்பில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்கிவிட்டேன்.