மொன்ஷாவில் முறிந்த விரதம்

அன்று நாங்கள் நான்கு பேர்: நான், என் கணவர், எங்கள் மகள், கனடாவிலிருந்து வந்திருந்த என் மச்சாள். மச்சாள் என்றால் கணவரின் தங்கை. காரின் ஐந்தாவது இடத்தில் என் பைகள் இருந்தன. இரண்டு குடை, நாலு சோடி மாற்றுக் காலுறை, சுடுதண்ணீர்ப் போத்தல், தலையிடிக் குளிசை, எல்லாருடைய பாஸ்போர்ட்டும்.

"ஜெர்மனிக்குள்ள போறதுக்கு ஏன் அம்மா பாஸ்போர்ட்?" என்று மகள் கேட்டாள்.

மொன்ஷாவ் பெல்ஜிய எல்லையோடு ஒட்டிக் கிடக்கிற ஊர். ஒரு வளைவைத் தவறவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டால் யார் பதில் சொல்வது?

மச்சாள் ஞாயிறு விமானம் ஏறவேண்டும். "அண்ணி, எனக்குக் கதைப்புத்தகத்தில வாற மாதிரி ஒரு ஊர் காட்டுங்கோ. ஸ்னோ வேண்டாம், அது எங்களிட்டை வேண்டின அளவு கிடக்கு. வீடுகள்தான் வேணும்," என்றாள். கணவருக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு கிடைத்தது. பகலில் மொன்ஷாவ், பொழுதுபட ஆஹென் கிறிஸ்மஸ் சந்தை என்று திட்டம். கெல்சென்கிர்ச்சனிலிருந்து இரண்டு மணித்தியால ஓட்டம்.

எனக்கோ அந்த வெள்ளிக்கிழமை வீட்டைவிட்டு அசைய மனமில்லை. மகள் ஓர் ஆஸ்பத்திரியில் தாதிப் பயிற்சிக்கு விண்ணப்பித்திருந்தாள். இங்கே அதை அவுஸ்பில்டுங் என்பார்கள். முந்தின வருடம் ஐந்து இடத்தில் கேட்டு, ஐந்திலும் இல்லையென்று கடிதம் வந்தது. அந்த வருடம் முழுக்க ஒரு பேக்கரியில் பாண் அடுக்கினாள். இந்த முறை நேர்முகத்துக்குக் கூப்பிட்டு, நன்றாகக் கதைத்து, இந்தக் கிழமைக்குள் தொலைபேசியில் சொல்வோம் என்று அனுப்பியிருந்தார்கள். திங்கள் போனது, செவ்வாய் போனது, வியாழனும் போனது. வெள்ளிதான் மிச்சம்.

நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள். இருபத்திநாலு வருடமாக ஹோட்டல் சமையலறைகளில் பாத்திரம் கழுவுகிறேன். என்னைவிடச் சின்னவர்கள் ஒரு சான்றிதழைக் காட்டி எனக்கு மேலே வந்து நின்றதை எண்ணினால் இரண்டு கை விரல் போதாது. அந்தத் தாள் மகளுக்குக் கிடைக்கவேண்டும் என்றுதான் இந்த முறை பிள்ளையார் பெருங்கதை விரதம் பிடித்தேன். இருபத்தொரு நாள். நாளுக்கு ஒருநேரச் சாப்பாடு. மீன், இறைச்சி, முட்டை ஒன்றும் கிட்டவும் வரக்கூடாது. அன்று பதினைந்தாம் நாள்.

"போன் அடிச்சதோ?" என்று காரில் கேட்டேன்.

"இல்லை அம்மா."

பத்து நிமிடம் பொறுத்து, "இப்ப?"

"இன்னும் ஒருக்காக் கேட்டா போனை ஆத்துக்குள்ள எறிவன்."

"எந்த ஆறு?"

"போற இடத்தில ஒரு ஆறு இருக்காம்."

"கேக்காதையும்," என்றார் கணவர். "பிறகு நான்தான் இறங்கி எடுக்கவேணும்."

வாயை மூடிக்கொண்டேன். மனம் மூடவில்லை.

ஊர் ஒரு பள்ளத்துக்குள் இருந்தது. காரை மேட்டில் விட்டுவிட்டு நடந்து இறங்கினோம். வெள்ளைச் சுவரில் குறுக்கும் நெடுக்குமாகக் கறுப்பு மரச்சட்டங்கள், கருங்கல் ஓட்டுக் கூரைகள், ஒரு வீட்டின் தோளில் மற்ற வீடு சாய்ந்த மாதிரி வரிசை. நடுவில் ஆறு, வீடுகளின் அடிச்சுவரை உரசிக்கொண்டு ஓடியது. மச்சாள் ஒவ்வொரு கதவுக்கு முன்னாலும் நின்று படம் எடுத்தாள். நான் முதலில் பார்த்தது ஆற்றோரச் சுவரில் ஈரம் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்பதைத்தான்.

"இதுக்குள்ள எப்பிடி மனுசர் நித்திரை கொள்ளுகினம்? வெள்ளம் வந்தா?"

"முந்நூறு வருசமா நிக்குது, அண்ணி. நீங்கள் வந்திருக்கிறியள் எண்டு இண்டைக்குப் பாத்து விழப்போகுதே?" என்றாள் மச்சாள்.

சந்தை உண்மையாகவே வடிவுதான். தேவதாரு இலை கட்டிய மரக்குடில்கள், பகலிலேயே மஞ்சள் விளக்குகள், பாலத்தில் பித்தளைக் குழல் ஊதுகிற ஐந்து கிழவர்கள். அந்தக் குளிரில் அவர்களின் உதடு பித்தளையோடு ஒட்டிவிடாதோ என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். ஒட்டவில்லை. அந்த ஊர் கடுகுக்குப் பேர்போனதாம். நாங்கள் தாளிக்கிற கடுகை அவர்கள் அரைத்து, போத்தலில் போட்டு, ரிப்பன் கட்டி விற்கிறார்கள். மச்சாள் ஆறு போத்தல் வாங்கினாள். கணவர் பாணுக்கு வெளியே இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்த சொசேஜ் ஒன்றைக் கடித்தபடி நடந்தார்.

அப்போதுதான் அந்த மணம் வந்தது. துருவிய உருளைக்கிழங்கைப் பெரிய தாச்சியில் தட்டிப் போட்டு, கரை சிவக்கச் சிவக்கப் பொரித்து, ஆப்பிள் களியோடு கொடுக்கிறார்கள். ரைபகூகன் என்று பெயர். காலையிலிருந்து வெறும் தேத்தண்ணீரில் நின்றவளுக்கு அந்த மணம் என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை.

"கிழங்கு ரொட்டிதானே, அண்ணி. இதையே இண்டைக்கு ஒருநேரச் சாப்பாடா வைச்சிடுங்கோ," என்றாள் மச்சாள்.

நான் சும்மா வாங்கிச் சாப்பிடுகிற ஆள் இல்லை. "இறைச்சி இருக்கோ?" என்று கடைக்காரியிடம் ஜெர்மனில் கேட்டேன். இல்லையென்றாள். "மீன்?" சிரித்துக்கொண்டு இல்லையென்றாள். அதற்கு மேல் கேட்கத் தோன்றவில்லை. எங்கள் கட்லட்டில் முட்டையை வெளியேதான் பூசுவோம். கிழங்குக்குள் யார் ஊற்றுவார்கள்?

மூன்று சாப்பிட்டேன். கடைசி வாயை விழுங்கும்போது கடைக்காரி குனிந்து ஒரு பெரிய முட்டைத் தட்டைத் தூக்கி வைத்தாள். ஒரு கையால் இரண்டிரண்டாகக் கிழங்கு வாளிக்குள் உடைத்தாள். டக், டக். டக், டக்.

"ஐயோ, முட்டை!"

"எங்க?" என்று மச்சாள் நிலத்தைப் பார்த்தாள்.

"என்ர வயித்துக்க!"

கணவர் சொசேஜை இறக்கினார். "இஞ்சேரும், மூண்டு ரொட்டிக்கு ஒரு முழு முட்டை வராது. காற்பங்கு வந்திருக்கும்."

"அப்ப விரதம் காற்பங்குதான் முறிஞ்சதோ?"

"அதுதானே. முக்காப்பங்கு நிக்குது."

மச்சாள் சிரித்துச் சிரித்துக் கடுகுப் பையை நிலத்தில் வைத்துவிட்டாள். மகளும் சிரித்தாள். பதினான்கு நாள் ஒழுங்காகப் பிடித்து, பதில் வருகிற நாளில் போய் முட்டையா? உடனே எங்கள் கோயில் ஐயரிடம் பரிகாரம் கேட்கவேண்டும் என்று போனை எடுத்தேன். ஒரு கோடும் இல்லை. பள்ளத்துக்குள் அலை இறங்கவில்லை. மேலே தேவாலயப் பக்கம் போனால் எடுக்கும் என்று கடைக்காரி கையைக் காட்டினாள்.

படி ஈரமாக இருந்தது. நான் வழுக்கி விழுவேன் என்று மகளும் கூட ஏறி வந்தாள். மூச்சு வாங்க உச்சிக்கு வந்ததும் ஐயர் முதல் மணியிலேயே எடுத்தார்.

"தெரியாமச் சாப்பிட்டதுதானே, பிள்ளை," என்றார். "ஒரு தேங்காய் உடைச்சு மன்னிப்புக் கேளுங்கோ. மிச்ச நாளை வழமை மாதிரிப் பிடியுங்கோ."

"ஒண்டு காணுமோ, ஐயா?"

"காணும், காணும். ரொட்டி நல்லாயிருந்ததோ?"

பதில் சொல்ல வாய் திறந்தபோது மகளின் போன் துடித்தது. ஒன்றன்பின் ஒன்றாக மூன்று தரம். அவள் திரையைப் பார்த்தாள்.

"அம்மா. ஆஸ்பத்திரி ரெண்டு தரம் எடுத்திருக்கு. மெசேஜும் விட்டிருக்கினம்."

அப்போதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் விளங்கியது. என் போனுக்கு இல்லாத அலை அவளின் போனுக்கு மட்டும் எங்கிருந்து வரும்? கீழே நின்ற ஒன்றரை மணித்தியாலமும் அவள் அதைப் படம் எடுக்கிற பெட்டியாகத்தான் வைத்திருந்திருக்கிறாள்.

மெசேஜை ஒலிபெருக்கியில் போட்டாள். இன்று ஒரு மணிக்குள் திருப்பி அழைக்கவும், இல்லாவிட்டால் இடத்தைப் பட்டியலில் அடுத்தவருக்குக் கொடுக்கவேண்டி வரும் என்று ஒரு பெண்ணின் குரல். நேரம் பன்னிரண்டு நாற்பத்தெட்டு. வெள்ளிக்கிழமை ஒரு மணிக்குப் பிறகு இந்த நாட்டில் எந்த அலுவலகத்தில் ஆள் இருக்கும்?

மகள் அழைத்தாள். ஆள் வரவில்லை, பாட்டு வந்தது. காத்திருக்கச் சொல்லி ஒரு பியானோப் பாட்டு.

"பிள்ளையாரே, பதினொரு தேங்காய்," என்றேன் மனதுக்குள். பாட்டு முடிந்து திரும்பத் தொடங்கியது. இருபத்தொன்று. பன்னிரண்டு ஐம்பத்திரண்டு. ஐம்பத்தொரு தேங்காய். மகள் ஒரு கையால் என் கையைப் பிடித்திருந்தாள், அந்தக் கை பனிக்கட்டி. பன்னிரண்டு ஐம்பத்தைந்து. நூற்றெட்டு, அப்பனே, நூற்றெட்டு!

பாட்டு நின்றது.

மகள் ஜெர்மனில் மளமளவென்று கதைத்தாள். நான் சொற்களைக் கவனிக்கவில்லை, அவளின் புருவத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் இறுகியிருந்தது, பிறகு தளர்ந்தது. "ஓம், ஓம், மிகவும் விருப்பம்," என்று மூன்று தரம் சொன்னாள். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஏப்ரல்ல தொடங்கிறன், அம்மா."

ஐயர் இன்னும் மற்றப் போனில் இருந்தார். "பிள்ளை, இருக்கிறியளோ? என்ன சத்தம் அங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

கீழே இறங்கியபோது எங்கள் அழுத முகத்தைப் பார்த்துக் கணவர் ஓடிவந்தார். "விழுந்திட்டியளோ?"

"கிடைச்சிட்டுது!"

அவர் நேரே போய் இரண்டாவது சொசேஜ் வாங்கினார். அது அவர் சந்தோசப்படுகிற விதம். மச்சாள் ரைபகூகன் கடைக்காரியின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். எதற்கென்று தெரியாமல் அந்த மனுசியும் குலுக்கினாள். "உங்கட முட்டையாலதான் தப்பினம்," என்று மச்சாள் தமிழில் அவளுக்கு விளக்கினாள். அதுவும் உண்மைதான். அந்த முட்டை இல்லாவிட்டால் பொழுதுபடும்வரை பள்ளத்துக்குள் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்திருப்போம்.

அன்று பின்னேரம் ஆஹெனில் நான் இடித்துத் தள்ளுகிற சனத்துக்குள் பயப்படாமல் நடந்தேன். பைக்குள் கைவிட்டுப் பாஸ்போர்ட் இருக்கிறதா என்று இரண்டு தரம்தான் பார்த்தேன். பெரிய தேவாலயத்தைச் சுற்றி விளக்கு, மசாலா ரொட்டியின் வாசம், சின்ன இராட்டினத்தில் மகளும் மச்சாளும் மரக்குதிரை ஏறி எனக்குக் கை காட்டினார்கள். மகள் கையை விட்டுவிட்டுச் சுற்றியபோதுகூட நான் கத்தவில்லை.

திரும்பி வரும் வழியில்தான் நூற்றெட்டுக் கதையைச் சொன்னேன். கணவர் அடுத்த இளைப்பாறும் தரிப்பில் காரை நிறுத்தினார்.

"நூற்றெட்டோ? ஐயர் ஒண்டெண்டுதானே சொன்னவர்!"

"ஒண்டுக்கு அவையள் போனை எடுக்கேல்லை."

பின்னால் மச்சாள் இருமிக்கொண்டு சிரித்தாள். "அண்ணா, கெதியா எடுத்தது நல்லது. இன்னும் ரெண்டு நிமிசம் போயிருந்தா காரையும் குடுத்திருப்பா."

கோயிலில் ஒரு தடவைக்கு இருபத்தொன்றுக்கு மேல் உடைக்க விடமாட்டார்கள். முற்றம் சின்னது, கூட்டுகிறவர்கள் கோபிப்பார்கள். மகள் பயிற்சிக்குப் போகத் தொடங்கிய மாதம் முதல் தடவை இருபத்தொன்று உடைத்தேன். பிறகு இன்னும் இரண்டு தரம். ஒவ்வொரு தரமும் வீட்டில் சம்பல், சொதி, புட்டுக்குத் தேங்காய்ப்பூ, பக்கத்து வீட்டு ஜெர்மன் மனுசிக்குப் பாதி மூடி. அறுபத்துமூன்று முடிந்தது. தமிழ்க்கடையில் இப்போது தேங்காய் ஒன்று ஒரு யூரோ எண்பது சதம். மிச்சம் நாற்பத்தைந்து. பிள்ளையாருக்கு நான் இன்னும் கொடுக்கவேண்டியது எண்பத்தொரு யூரோ.